கல்யாண வீடியோ எடிட்டிங்: ரைசன் 9700எக்ஸா, கோர் அல்ட்ரா 265கேயா?

கோடம்பாக்கம்_ஃப்ரேம்:
வணக்கம். கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. கையில் இருப்பது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ7 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. பிரீமியர் ப்ரோவில் தாலி கட்டும் இடத்தைத் தொட்டால் கெட்டிமேளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆவணி முகூர்த்தங்களுக்குள் புது மெஷின் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ் ப்ராசசர் என்கிறார், பக்கத்துக் கடையில் இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கே என்கிறார்கள். இரவில் தம்பி கேம் ஆடுவான். மாடி அறை, ஏசி கிடையாது.

வேளச்சேரிவாசி:
யோசிக்கவே வேண்டாம், ரைசன். 9700எக்ஸ் இயல்பான செட்டிங்கில் 88 வாட்டோடு நின்றுவிடும். 265கே முழு வேகத்தில் 250 வாட் வரை போகும். கத்திரி வெயிலில் அந்த மாடி அறையில் கூலர் இழுப்பதே சூட்டுக் காற்றுதான்.

அப்புறம் மதர்போர்டு. 9700எக்ஸ் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 2017இல் வாங்கிய பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்து ரைசன் 5800எக்ஸ்3டி ப்ராசசர் போட்டு இன்றும் ஓட்டுகிறேன். 2021இல் வந்த இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டில் இந்த 265கே பொருந்தவே பொருந்தாது. அதை வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்?

பெரம்பூர்_பிசி:
வாட் கணக்கு சரி. ஆனால் அண்ணனுக்குப் படம் ஏன் நிற்கிறது என்று கேட்கவே இல்லையே? அண்ணே, கேமராவில் எந்த ஃபார்மேட்டில் எடுக்கிறீர்கள்?

கோடம்பாக்கம்_ஃப்ரேம்:
எச்.265, 10 பிட், 4:2:2, அதாவது நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும் ஃபார்மேட். இரண்டு கேமரா. கலர் சரிசெய்யும்போது பட்டுப்புடவை ஜரிகையும் முகத்து நிறமும் கெடக்கூடாது, அதற்காகத்தான்.

பெரம்பூர்_பிசி:
அங்கேதான் சிக்கல். எச்.265 4:2:2ஐ உங்கள் 3060 பிரித்துப் படிக்காது, பழைய ஐ7இன் கிராபிக்ஸும் படிக்காது. மொத்த பாரமும் ப்ராசசர் கோர்களின் தலையில் விழுகிறது. 9700எக்ஸ் உள்ளே இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கும் அது தெரியாது. 265கேயின் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி அதை ஹார்டுவேரிலேயே படிக்கும். இரண்டு கேமராவை அடுக்கி வைத்தாலும் டைம்லைன் இழுத்த இழுப்புக்கு வரும்.

விலை குறைகிறதே என்று 265கேஎஃப் வாங்கிவிடாதீர்கள். அதில் கிராபிக்ஸே இல்லை, குவிக் சிங்கும் இல்லை. பயாஸில் உள் கிராபிக்ஸை ஆன் செய்யச் சொல்லுங்கள், தனிக் கார்டு இருந்தால் சில போர்டுகளில் அது அணைந்து கிடக்கும். ஒன்று மறைக்காமல் சொல்கிறேன்: எச்.264 4:2:2ஆக இருந்தால் 265கேயும் உதவாது.

வேளச்சேரிவாசி:
குவிக் சிங்கை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதற்காகப் போர்டையே அடகு வைக்க வேண்டுமா? ப்ராக்ஸி, அதாவது ஃபுட்டேஜின் லேசான நகல் போட்டு எடிட் செய்யலாம். இல்லையென்றால் 3060ஐ விற்று ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கினால் அதுவே 4:2:2 படிக்கும், எச்.264ஐயும் சேர்த்து. தம்பிக்கும் நல்லது.

இன்னொன்று, யுபிஎஸ். பல வீடுகளில் இருப்பது 600 விஏ, அது தாங்குவது சுமார் 360 வாட். 265கேக்கு 250ம், 3060 கார்டுக்கு 170ம் கூட்டிப் பாருங்கள். எக்ஸ்போர்ட் நடுவில் கரண்ட் போனால் மெஷினும் அப்படியே விழும்.

கோடம்பாக்கம்_ஃப்ரேம்:
ப்ராக்ஸிக்கு நேரமில்லை சார். காலையில் முகூர்த்தம், மாலை ரிசப்ஷனில் ஹைலைட்ஸ் திரையில் ஓட வேண்டும். மண்டபத்து டைனிங் ஹால் மூலையில் உட்கார்ந்து எடிட் செய்கிறேன். நடுவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும்.

பெரம்பூர்_பிசி:
அப்படியென்றால் 265கேதான். பயாஸில் மின் வரம்பை 125 வாட்டுக்கு இறக்குங்கள். எக்ஸ்போர்ட் கொஞ்சம் நீளும், டைம்லைன் நிற்காது. 1 கேவிஏ யுபிஎஸ் எடுங்கள். கேமில் ஏஎம்டியின் எக்ஸ்3டி சிப்புகளை இது தொடாது, அது உண்மை. தம்பி ஆடுவதற்கு இது போதும். சோறு போடுவது எடிட்டிங்.

வேளச்சேரிவாசி:
நான் இன்னும் ரைசனும் 5060ம் என்றே சொல்வேன். இரண்டு கூட்டணிக்கும் மொத்த விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோடம்பாக்கம்_ஃப்ரேம்:
சனிக்கிழமை போகிறேன். போன மாதக் கல்யாணத்தின் இரண்டு கேமரா ஃபுட்டேஜையும் எஸ்எஸ்டியில் எடுத்துப் போய், தாலி கட்டும் அந்த நாற்பது நொடியை இரண்டு கடையிலும் இழுத்துப் பார்க்கிறேன். எதில் படம் நிற்கவில்லையோ அதற்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.