கோதெஷ்: தூய்மையா, திருநிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எபிரேய வேதத்தின் ‘கோதெஷ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘பரிசுத்தம்’ வேண்டாம், ‘தூய்மை’ என்று வைக்கலாம் என்று முந்தைய மடலில் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. இரண்டிலுமே அழுக்கு நீங்கிய நிலை என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

லேவியராகமம் 10:10ஐப் பாருங்கள். ஆசாரியர்கள், அதாவது பலி செலுத்தும் குருக்கள், இரண்டு இணைகளைப் பிரித்தறிய வேண்டும். கோதெஷ் – ஹோல் ஒன்று. தாமே – தாஹோர், அதாவது தீட்டுள்ளது – தீட்டில்லாதது, இன்னொன்று. சுத்தம் இந்த இரண்டாவது இணையில்தான் சேரும். ஹோல் என்பது அழுக்கானதல்ல; அன்றாடப் புழக்கத்தில் இருப்பது, அவ்வளவுதான். தாவீது அப்பம் கேட்டு வந்தபோது, ‘ஹோல் அப்பம் கைவசம் இல்லை, கோதெஷ் அப்பம்தான் இருக்கிறது’ என்கிறார் ஆசாரியர். வீட்டில் சுடும் அப்பம் அசுத்தம் என்றா அதற்குப் பொருள்?

மோசேயை எதிர்த்துக் கோராகு நடத்திய கலகம் இன்னும் தெளிவானது. தூபகலசம் ஏந்தி வந்த 250 பேரும் நெருப்பில் மாண்டார்கள். ஆனால் கலசங்கள் ஆண்டவர் முன் கொண்டுவரப்பட்டவை, அதனால் கோதெஷ். அவற்றைத் தகடாகத் தட்டிப் பலிபீடத்தை மூடினார்கள். ஏந்தியவர்களின் குற்றம் கலசத்தில் ஒட்டவில்லை. இங்கே ‘தூய்மையான கலசம்’ என்று எழுதினால் கழுவி வைத்த பாத்திரம்தான் நினைவுக்கு வரும்.

நான் முதலில் ‘இறையுடைமை’ என்று யோசித்தேன். நேர்ந்துவிட்ட வீட்டை மீட்க, மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லும் லேவியராகமம் 27க்கு அது நன்றாகவே பொருந்தும். ஏசாயா 6:3இல் மாட்டிக்கொண்டேன். சேராபீன்கள் என்ற வானவர்கள் மூன்று முறை ‘கதோஷ்’ (கோதெஷின் பெயரடை) என்று கூவுவது கடவுளைப் பார்த்து. அவர் யாருடைய உடைமை? ‘ஒதுக்கிவைத்தது’ என்பதும் சரிவராது. நம் ஊரில் ஒதுக்கிவைப்பது என்றால் தள்ளிவைப்பது.

அப்புறம்தான் ‘திரு’ தோன்றியது. சாம்பல் கடவுளுக்குரியதானதும் திருநீறு ஆகிறது. கடவுளுக்கும் அவருக்குரிய பொருளுக்கும் ஒரே அடை. ஆகவே கோதெஷ் – திருநிலை, ஹோல் – பொதுநிலை, ‘கித்தேஷ்’ என்ற வினை – திருநிலைப்படுத்து. கத்தோலிக்கர் ஏற்கெனவே குருப்பட்டத்துக்குத் திருநிலைப்படுத்துதல் என்றும், குருக்கள் அல்லாதவர்களைப் பொதுநிலையினர் என்றும் சொல்வதால் குழப்பம் வரலாம்தான். ஆனால் இந்த வினை முதன்முதலில் வரும் ஆதியாகமம் 2:3இல் திருநிலை பெறுவது ஆள் அல்ல, ஏழாம் நாள். ஆசாரியரைப் பணியில் அமர்த்த எபிரேயத்தில் ‘கையை நிரப்புதல்’ என்று தனி வழக்கே உண்டு. அதை அப்படியே ‘கைநிரப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் ஹேரெம், கடவுளுக்கென்று முற்றிலுமாக விட்டுவிட்டதைக் குறிக்கும் சொல். பழைய மொழிபெயர்ப்பின் ‘சாபத்தீடு’ எனக்கு உறுத்துகிறது. லேவியராகமம் 27:28இல் ஹேரெம் விற்கவோ மீட்கவோ கூடாதது. சபிக்கப்பட்டது என்று அங்கே இல்லை, மகா கோதெஷ் என்றே இருக்கிறது. ‘மீளா நேர்ச்சை’ என்று முன்வைக்கிறேன். எரிகோ நகரை அழித்து, அதன் வெள்ளியையும் பொன்னையும் ஆண்டவரின் கருவூலத்தில் சேர்க்கும் யோசுவா 6க்கு இது தாங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.