மறு: கட்டுபரப்பு – நடுவே ‘ப்’ வேண்டாம்

ஐயா, அக்கா, நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபம் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உயிரி உணரியில் (உயிர்மூலக்கூறைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டறியும் கருவி) புரதத்தைக் கட்டி, வேலை முடிந்ததும் கழற்றி, மறுபடி புதிதாகக் கட்டுகிற பரப்புக்கு இன்னும் தமிழ்ப் பெயர் அமையவில்லை. நான் முன்வைப்பது ‘கட்டுபரப்பு’.

பாம்பன் ஐயா சொன்ன ‘மீள்பிணைப்புத் தளம்’ இலக்கணத்தில் குறையற்றது. ஆனால் பிணைப்பு என்றதும் பிள்ளைகளுக்கு அணுக்கள் எலக்ட்ரானைப் பகிரும் சகப்பிணைப்புதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. நிக்கல் அயனி ஏற்றிய பரப்பில் ஹிஸ்டிடின் வால் (ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் தொடர்) கொண்ட புரதம் ஒட்டும். இமிடசோல் கரைசலை விட்டால் கழன்றுவிடும். பயோட்டின் என்ற வைட்டமினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் சேர்ந்துவிட்டால் அவ்வளவு எளிதில் கழலா. கழலுவதுதான் இங்கே முக்கியம்.

பரப்பு, பரவை, பரதவர் மூன்றும் ஒரே வேர் என்று அக்கா எழுதிய மடல்களை விரும்பிப் படித்தேன். பரவை என்றால் கடல், சரி. பரதவர் வரை போக எனக்குத் துணிவில்லை. தளம் வடசொல்லா என்ற வழக்குக்கும் நான் வரவில்லை. தளம் என்றால் வகுப்பில் இணையதளம் என்கிறார்கள், அதனால்தான் பரப்பு.

முந்தாநாள் இதை விளக்கும்போது, கடற்பாசி வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “நம்ம மிதவை மாதிரியா சார்?” என்றாள். அதேதான்! 12க்கு 12 அடி மூங்கில் மிதவை. கயிற்றில் விதைப்பாசியைக் கட்டி, 45 நாளில் அறுத்து, அதே மிதவையில் மறுபடி கட்டுகிறார்கள். கரையில் யாரும் ‘பிணைக்கிறோம்’ என்பதில்லை, ‘பாசி கட்டுறோம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே கட்டுபரப்பு. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் (‘கட்டு’ போல வல்லின மெய்யை அடுத்து உகரத்தில் முடியும் சொல்) முன் வல்லினம் மிகுமே என்று கேட்கிறீர்கள். கட்டு என்பதைப் பெயராகக் கொண்டால் மிகும். நான் சொல்வது வினைத்தொகை: கட்டிய, கட்டுகின்ற, கட்டும் பரப்பு. உண்கலம் போல, உண்டு கழுவி மறுபடி உண்பதற்கு ‘மீள்’ என்று தனியாக ஒட்டு தேவைப்படவில்லையே. முக்காலமும் உள்ளேயே இருக்கிறது. ‘ப்’ போட்டால் அந்தக் காலம் போய்விடும்.

கட்டுப்பாடு என்ற சொல்லோடு குழம்பும் என்கிறார் அக்கா. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஐயா இன்னும் உடன்படவில்லை. அவருடைய ‘மீள்பிணைப்புத் தளம்’ என்ற சொல்லையும் கையேட்டில் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவரிடம் அந்த ‘ப்’ பற்றி இன்றே சொல்லிவிடுகிறேன்.