புதுப்பிப்பு: ஸ்நார்க்கல் தொடங்குபவர்களுக்கான மாஸ்க்

நீர்ப்பரப்பில் மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிட்டுக் கடலடியைப் பார்க்க மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடுவது), ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மூன்றும் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாஸ்க் பற்றியவை.

புது மாஸ்க்கில் பனி படரக் காரணம், கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் சிலிகான் படலம். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால்தான் போகும். பிளாஸ்டிக் என்றால் கீறிவிடும், கண்ணாடிக்கு மட்டும். வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் நிற்க வேண்டும். மீசை இருந்தால் மூக்கடியில் நீர் கசியும்.

நீச்சல் கண்ணாடியோடு தயவுசெய்து மூழ்காதீர்கள். மூக்கு வெளியே இருப்பதால் அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை. இரண்டு மூன்று மீட்டரிலேயே கண்ணை இழுக்கும். முழுமுக மாஸ்க்கும் மேலே மிதப்பதற்கு மட்டுமே. ஸ்நார்க்கல் குழாய் 40 செ.மீ. நீளத்துக்கு மேல் வேண்டாம், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள்.