ஆத்து மணலில் அடிச்ச கும்மி: டெல்டா திருவிழாவுல நீங்க ஆடின கதையைச் சொல்லுங்க

பொள்ளாச்சி மருமகள்:

எல்லாரும் திருவிழா போட்டோவாப் போடறீங்க. போட்டோ எடுக்காம உள்ளே இறங்கி ஆடினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன். நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2017 தை மாசம் எனக்குக் கல்யாணம். வாக்கப்பட்டது திருவையாத்துக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில ஒரு சின்ன ஊர். ஆடி பிறந்ததும் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பதினெட்டாம் பெருக்குக்குப் பொண்ணு இங்கே இருக்கணும்னு மாமனாரே வந்து திரும்ப அழைச்சுக்கிட்டு வந்தார். தஞ்சாவூர்ல இருந்து பஸ்ஸுல வர்றப்ப ஒவ்வொரு பாலத்துலயும் பேர் சொல்லிக்கிட்டே வந்தார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அப்பாலே திருவையாத்துல காவேரி. அஞ்சு ஆறு இருக்குன்னு பெருமையாத்தான் ஆரம்பிச்சார். மூணாவது பாலம் வர்றப்பவே குரல் இறங்கிப் போச்சு. எட்டிப் பார்த்தா எங்கேயும் மணல்தான். அந்த வருஷம் வழக்கமா திறக்குற ஜூன் 12ல மேட்டூர் அணையைத் திறக்கலை. பாசனத்துக்குத் தண்ணி விட்டது அக்டோபர் 2ஆம் தேதி. ஆடிப் பதினெட்டுக்கு எங்க ஆத்துல மாடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

தண்ணியே இல்லாம என்ன பெருக்குன்னு நான் நினைச்சேன். அத்தை ஒண்ணும் சொல்லலை. காலையிலேயே காப்பரிசி கலந்தாங்க. ஊறவெச்ச அரிசி, வெல்லம், தேங்காய்ப்பல்லு. காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு, நாவப்பழம், விளாம்பழம் எல்லாம் கூடையில. அதோட ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள எங்க கல்யாண மாலை ரெண்டும் சருகா இருந்துச்சு. புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாலையைப் பதினெட்டு அன்னிக்கு ஆத்துல விடணுமாம். எங்க பக்கம் இந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆத்துக்குள்ள நடு மணல்ல பொம்பளைங்க ஊத்து தோண்டிக்கிட்டு இருந்தாங்க. முழங்கை ஆழத்துல கலங்கலா ஊறுச்சு. அதைச் சுத்திக் கோலம் போட்டு, மஞ்சள் பிள்ளையார் பிடிச்சு வெச்சுப் படைச்சாங்க. பசங்க சப்பரம் இழுத்துக்கிட்டு வந்தானுங்க, அந்தச் சின்ன மரத்தேரு. சக்கரம் மணல்ல புதைஞ்சு ஒண்ணும் நகரலை. கடைசியில தேரைத் தலையில தூக்கிட்டு ஓடினானுங்க.

அப்புறம் கும்மி. சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் தெனாவட்டு. எங்க பக்கம் வள்ளி கும்மி ஊருக்கு ஊர் உண்டு. வாத்தியார் வெச்சு மாசக்கணக்குல பழகி, ஒரே நிறத்துல சேலை கட்டி, மைக்குல பாட்டுப் போட்டு அரங்கேத்தம் பண்ணுவோம். நானும் ஆடினவதான். அதனால கூப்பிட்ட உடனே செல்போனை வீட்டுக்காரர்கிட்டக் கொடுத்துட்டுப் போய் வட்டத்துல நின்னுட்டேன்.

மூணாவது அடியிலயே மாட்டிக்கிட்டேன். இங்கே மேளம் கிடையாது, மைக் கிடையாது. ஒரு ஆச்சி அடியெடுத்துக் கொடுப்பாங்க, மத்தவங்க திருப்பிப் பாடணும். அவங்களுக்கு மூச்சு வாங்கினா பாட்டும் நின்னு மூச்சு வாங்கும். கால் வேகமாப் போகவே போகாது. நான் பழக்கதோஷத்துல ரெண்டு அடி முன்னாடி போய் அடுத்த பொண்ணு முதுகுல இடிச்சேன். பாட்டு நின்னுச்சு. ஆச்சி நேரா வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க.

"என்னடி இது, அப்பளம் தட்டுறாப்புல தட்டுறே? கையைக் குழி. தண்ணி அள்ளுற மாதிரி."

என் விரலை ஒவ்வொண்ணா மடக்கி வெச்சாங்க. அவங்க விரல் சொரசொரன்னு இருந்துச்சு, நடவு நட்ட கை. குழிச்சுத் தட்டினா சத்தம் வேற. தட்டையாத் தட்டினா பட்டுன்னு காதுல அறையும். குழிச்சா தொப்புனு நெஞ்சுக்குக் கீழே இறங்கும். முப்பது நாப்பது பேரு அப்படித் தட்டுறப்ப அந்த மணல்ல உதைக்குற மாதிரி இருந்துச்சு. பத்து நிமிஷம் ஆடலாம்னு போனவ, பொழுது சாயுற வரைக்கும் அங்கேதான். நடுவுல ரெண்டு தடவை திட்டும் வாங்கினேன், "ஏ பொள்ளாச்சி, குனி"னு. அன்னிக்கு முழுக்க யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலை.

மாலை மட்டும் விட வழியில்லை. ஊத்துல போட்டா ஊத்து அடைஞ்சுடும்னுட்டாங்க. அத்தை திரும்ப அந்த மஞ்சப்பையிலேயே கட்டி எடுத்துட்டு வந்து அடுப்படி ஆணியில மாட்டினாங்க. "அடுத்த வருஷம் வரும்"னு மட்டும் சொன்னாங்க.

இப்ப நீங்க சொல்லுங்க.

கரந்தைக்காரன்:

கும்மி நமக்கு ஆகாது. நான் ஆடினது பொய்க்கால் குதிரை. ஆடினதுன்னு சொல்றதே பொய்தான். அரை மணி நேரம் மாட்டிக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்.

தஞ்சாவூர்ல பிறந்துட்டு இதைக் கத்துக்கலைன்னா எப்படின்னு காலேஜ் நாள்ல ஒரு ஆசை. மராட்டிய ராஜாக்கள் காலத்துல இருந்து இங்கே ஊறிப்போன ஆட்டம். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ராஜா வேஷம் கட்டுவார், அவர் சம்சாரம் ராணி. அவங்க வீட்டுத் திண்ணையில ரெண்டு குதிரைக் கூடும் சாய்ச்சு வெச்சிருக்கும். தூரத்துல பார்த்தா ஜிகுஜிகுன்னு ஜமீன் குதிரை. கிட்டப் போனா காகிதக்கூழு, துணி, மேல ஒட்டின கண்ணாடிச் சில்லு. வயித்துல ஓட்டை. அதுக்குள்ள நாம இறங்கி நின்னு தோள்ல பட்டையை மாட்டிக்கணும்.

கூடு பெரிய விஷயமில்லை, கட்டைக்கால்தான் விஷயம். ஒரு அடி உயரத்துக்கு மேல இருக்கும். பாதத்தை அதுமேல வெச்சு முழங்கால் வரைக்கும் துணியால இறுக்கிக் கட்டுவாங்க. கட்டி முடிச்சதும் அண்ணன் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "தம்பி, நிக்க மட்டும் நிக்காதே." எனக்குப் புரியலை. எழுந்து நின்னேன், சாய்ஞ்சேன். தவில்காரர் தவிலை விட்டுட்டு என்னைப் பிடிச்சார். கட்டைக்கால்ல சும்மா நிக்க முடியாது, அடி மாத்திக்கிட்டே இருந்தாத்தான் விழமாட்டோம். குதிரை ஏன் ஓயாம துள்ளுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

பின்னாடி நையாண்டி மேளம். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். அந்தத் தமுக்கு இருக்கே, அது காலை விடவே விடாது. இப்போ நிறையப் பேர் கட்டைக்கால் இல்லாம வெறுங்காலோட கூட்டை மட்டும் மாட்டி ஆடறாங்க. குறை சொல்லலை, தார் ரோட்டுல ஊர்வலம் போறவன் முழங்கால் அவனுக்குத்தான் தெரியும். ஆனா பேர்ல மட்டும் 'பொய்க்கால்' இருக்கு.

நாச்சியார்கோயில் பக்கம்:

பொள்ளாச்சி தங்கச்சி, நல்லா எழுதியிருக்கீங்க. எங்க ஊர்ல ஆம்பளைங்க ஆட்டம்னா காளியாட்டம்தான். கும்பகோணம் சுத்துவட்டாரத்துல திருநடனம்னு நோட்டீஸ்ல போடுவாங்க, பேச்சுவழக்குல "காளி வருது"ம்போம். தஞ்சாவூர்ல பச்சைக்காளி பவளக்காளின்னு ஜோடியா வரும், கரந்தைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கும்.

வருஷம் பூரா அம்மன் முகம், அதாவது ஆடுறவர் கட்டிக்குற காளி முகமூடி, பெட்டிக்குள்ள இருக்கும். திருவிழாவுக்குத்தான் பெட்டி திறப்பாங்க. எங்க சித்தப்பா பத்து வருஷத்துக்கு மேல முகம் கட்டினவர். காப்புக் கட்டின நாள்ல இருந்து வீட்டுக்கு வரமாட்டார், கோயில்லயே படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. சித்தி அவரைப் பார்க்கணும்னா கூட்டத்தோட நின்னு சாமியாத்தான் பார்க்கணும்.

எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. என் வேலை முக்காலி தூக்குறது. காளி வீடு வீடா ஆடிக்கிட்டுப் போகும். வாசல்ல மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, மாவிளக்குப் போடுவாங்க, புடவை சாத்துவாங்க. அங்கங்கே கொஞ்சம் உட்காரணும், அதுக்கு முக்காலி. மேளம் தணியுற நேரம் பார்த்து சரியாப் பின்னாடி கொண்டுபோய் வைக்கணும். முந்தி வெச்சா தடுக்கும், பிந்தினா சாமி விழும். யோசிச்சுப் பாருங்க, பன்னெண்டு வயசுப் பையன் கையில!

ஒரு வீட்டு வாசல்ல உட்கார்ந்தப்ப நான் கீழே குந்தியிருந்தேன். முகத்துக்குக் கீழே இடுக்கு வழியாப் பார்த்தா சித்தப்பா தாடை. வேர்வை சொட்டிக்கிட்டு இருந்துச்சு. புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு. கிரீடம் அழுத்தாம இருக்கத் தலையில சுத்தின துண்டு நழுவி நெத்திக்கு வந்துடுச்சு. வெளியே பார்த்தா நாக்கை நீட்டின காளி, உள்ளே எங்க சித்தப்பா. பயந்து போய் "சித்தப்பா"ன்னுட்டேன். பக்கத்துல நின்ன பெரியவர் மண்டையில ஒரு குட்டு வெச்சார். உள்ளே இருந்து பதிலே வரலை. அடுத்த நொடி தப்பு மேளக்காரன் அடிச்சான், காளி எழுந்துடுச்சு. திருவிழா முடிஞ்சு நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தவர்கிட்ட அன்னிக்கு நான் கூப்பிட்டது கேட்டுச்சான்னு கேட்டேன். "எப்ப கூப்பிட்டே?"ன்னார். நெஜமாத்தான் கேட்டாரா, என்னைச் சமாளிச்சாரா, இன்னி வரைக்கும் தெரியலை.

ஊர் விட்டுப் போனவன்:

நான் ஆடலை, விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன். சேர்த்துக்குவீங்களா? மெலட்டூர் பாகவத மேளா, அந்த நாட்டிய நாடகம், நரசிம்ம ஜயந்தி சமயம். முழுக்க ஆம்பளைங்க. பெண் வேஷமும் அவங்களே. பாட்டு வசனம் எல்லாம் தெலுங்கு, மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதினது. முதல்ல கோணங்கிங்கிற கோமாளி வந்து குதிச்சு ஊரை அடக்குவான். அப்புறம் யானைமுகம் மாட்டின சின்னப் பையன் பிள்ளையாரா வருவான். எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் வங்கி வேலைக்காரர், வடக்கே எங்கேயோ உத்தியோகம். மூணு நாள் கழிச்சுத் தனக்கு வேஷம் இருக்குன்னு மீசையை எடுத்துட்டு வந்திருந்தார். "மேனேஜர்கிட்ட என்ன சார் சொல்லுவீங்க?"ன்னேன். "வருஷா வருஷம் பார்க்கிறார், கேக்கறதை விட்டுட்டார்"னார்.

கரந்தைக்காரன்:

அண்ணே, அது நாட்டுப்புற ஆட்டத்துல வராது. பரதநாட்டியத்துக்குச் சித்தப்பா முறை. ஆனாலும் மீசைக்காகச் சேர்த்துக்கலாம்.

பட்டுக்கோட்டையான்:

நான் விழாக் கமிட்டியில இருந்தவன். கொஞ்சம் கசப்பு சொல்றேன்.

எங்க ஊர்ல ரொம்ப வருஷமா ஆர்கெஸ்ட்ராதான். 2018 நவம்பர் 16 கஜா புயல்ல தென்னை பூரா சாய்ஞ்சுது. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு யார் வீட்டு வரியும் சரியா வரலை. ஆர்கெஸ்ட்ராவுக்குக் கட்டுப்படி ஆகாதுன்னு கரகாட்டம் பேசினோம். காசு கம்மிங்கிறதுக்காகக் கூப்பிட்டோம், அதுதான் நிஜம்.

சக்தி கரகம் கோயிலுக்கு உள்ளது, பூசாரி எடுக்கிறது. இது ஆட்டக்கரகம், உச்சியில கிளி. கரகம் வெச்ச அம்மா ஆடினப்ப எங்க ஊர்ப் பயலுக ரூபாய் நோட்டைக் குத்துறேன்னு மேல மேல போனானுங்க. அவங்க ஆட்டத்தை நிறுத்தலை. சொம்பு தலையிலேயே இருக்கு, கழுத்து அசையலை, கண்ணு மட்டும் என்னைப் பார்த்துச்சு. நான்தானே முன்பணம் கொடுத்தவன். போய் ரெண்டு பேரைத் தள்ளி விட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். அதுக்கே மறுநாள் எனக்கு ஊர்க்கூட்டத்துல விசாரணை. விடியக்காலம் கரகத்தை இறக்கினப்ப சொம்பைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே அரிசி. என்னால ரெண்டு கையாலேயும் ரொம்ப நேரம் பிடிக்க முடியலை. பேசினதுக்கு மேல கொடுக்கலாம்னேன். கமிட்டியில ஒத்துக்கலை. என் கையில இருந்ததைக் கொடுத்தேன். அது போதாதுன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாச்சியார்கோயில் பக்கம்:

பட்டுக்கோட்டையாரே, இதை எழுதினதுக்கு நன்றி. அப்புறம் பொள்ளாச்சி தங்கச்சி, அந்த மஞ்சப்பை இன்னும் ஆணியில தொங்குதா? சொல்லாமப் போயிட்டீங்களே.

பொள்ளாச்சி மருமகள்:

இல்லைங்கண்ணா, அடுத்த வருஷமே போயிடுச்சு. 2018 ஜூலை 19ல மேட்டூர் திறந்தாங்க. ஆடிப் பதினெட்டுக்குக் குடமுருட்டி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது. போன வருஷம் நான் திட்டு வாங்கின இடம் எங்கேன்னு அடையாளமே தெரியலை. படித்துறையில ரெண்டு படிக்குக் கீழே இறங்க விடலை, போலீஸ் நின்னாங்க. அத்தை மேல்படியில நின்னுக்கிட்டே மஞ்சப்பையை அவுத்தாங்க. பூவெல்லாம் உதிர்ந்து தூளாயிருந்துச்சு, நாரும் ஜிகினாவும்தான் பாக்கி. அதை எட்டி வீசினாங்க. ஜிகினா கொஞ்ச தூரம் மின்னிட்டுப் போச்சு.

ஆனா கும்மிக்கு இடமில்லை. மணல் பூரா தண்ணிக்குள்ளே. கரையில வண்டிங்க நிறுத்தியிருந்தாங்க. வேற வழியில்லாம தார் ரோட்டுல வட்டம் போட்டோம், பதினஞ்சு பேருக்கு மேல நிக்க முடியலை. அதே ஆச்சிதான் அடியெடுத்தாங்க. பாதிப் பாட்டுல டவுன் பஸ் வந்துடுச்சு. டிரைவர் ஹாரன் அடிக்காம நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தார். ஆச்சி பாட்டை விடாம, ஒரு கையால என்னையும் பக்கத்துல இருந்தவளையும் ஓரமா இழுத்து, இன்னொரு கையால பஸ்ஸைப் போகச் சொன்னாங்க. பஸ் வட்டத்துக்கு நடுவுல ஊர்ந்து போச்சு. இந்தப் பக்கம் ஏழு பேரு, அந்தப் பக்கம் எட்டுப் பேரு, ரெண்டு பக்கமும் தட்டிக்கிட்டே நின்னோம். ஜன்னல்ல உட்கார்ந்திருந்த பொண்ணு ஒருத்தி கையை வெளியே நீட்டி அவளும் தட்டினா. தட்டையாத்தான் தட்டினா.