80 சதுர அடித் தகரக் கொட்டகைக்கு அரையாண்டுக்கு 435 ரூபாயா? சொத்து வரி குறித்து ஒரு கேள்வி

நொய்யல் கரைக்காரர் எழுதியது:

கொங்குப் பகுதி மாநகராட்சி ஒன்றின் எல்லைக்குள், மாமனார் கட்டிய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். 2022-க்கு முன்பு வீட்டின் பரப்பு 1,180 சதுர அடி என்று பதிவாகியிருந்தது. அரையாண்டு வரி 1,180 ரூபாய். அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த உயர்வின்படி 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் கூட்டினார்கள். எங்களுக்கு 1,770 ரூபாய் ஆனது. முணுமுணுத்தபடியே கட்டினோம்.

அண்மையில் மறு அளவீடு என்று வந்தவர்கள், பின்பக்கம் மாடு கட்டுவதற்காக மாமனார் போட்டிருந்த, இப்போது ஆட்டுக்கல்லும் விறகும் கிடக்கிற தகரக் கொட்டகையையும் சேர்த்து அளந்து, 1,260 சதுர அடி என்று எழுதிவிட்டார்கள். புதிய நோட்டீஸில் அடிப்படை 2,205 ரூபாய், அதன் மேல் 6 சதவீதம் சேர்த்து 2,337 ரூபாய் என்று இருக்கிறது. பத்தடிக்கு எட்டடிக் கொட்டகைக்கு இவ்வளவா?

எங்கள் சந்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் பேவர் பிளாக் பதித்து, பாதாளச் சாக்கடைக்காகப் பெயர்த்து, மறுபடி பதித்து, குடிநீர்க் குழாய்க்காக மீண்டும் பெயர்த்திருக்கிறார்கள். வரியை எதிர்த்து எங்கள் வீதிக்காரர்கள் மனு கொடுக்கப் போகிறார்கள். அந்த மனுவில் எதைக் கேட்டால் பயன் இருக்கும்?

பழைய பில் கலெக்டர் எழுதியது:

ஐயா, வேறொரு ஊர் மாநகராட்சியில் வரி வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொட்டகை சேர்ந்ததால் மட்டும் கூடியிருக்க வேண்டியது, பழைய விகிதத்தில் 80 அடிக்கு 120 ரூபாய்தான். மீதி 315 ரூபாய், 1,200 அடி என்ற கோட்டை நீங்கள் தாண்டியதால் வீடு முழுவதற்கும் 50 சதவீதம் போய் 75 சதவீதம் விழுந்ததன் விளைவு. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் வரும். இங்கே ஓரடி கூடினாலும் வீடு முழுவதும் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. ஆகவே உங்கள் சொந்த ஆட்சேபணை மனுவில் வரி உயர்வைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்; அளவை மட்டும் எதிர்த்து எழுதுங்கள். நோட்டீஸில் கூரை வகை, பயன்பாடு, மண்டலம் ஆகியவற்றை என்னவென்று குறித்திருக்கிறார்கள் என்று பார்த்து, மறு அளவீடு கோருங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுவைத் தவறவிட்டால் பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி வேறு சேரும் என்பதால், பழைய அளவுக்குரிய தொகையைக் கட்ட முடியுமா என்றும் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தறிக்காரர் எழுதியது:

அளவைப் பற்றிப் பேசுவது சரிதான், ஆனால் உயர்வையே விட்டுவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தைத் தொழிற்கூடமாகக் கணக்கிட்டு எனக்கு 75 சதவீதம் கூட்டினார்கள்; பக்கத்துக் கடைக்காரருக்கு 100 சதவீதம். கூலிக்கு நெய்கிறவனுக்கு அந்த விகிதத்திலா கூலி கூடியது? 2024 டிசம்பரில் திருப்பூரில் வணிகர்கள் சொத்து வரி உயர்வை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நாலு பேர் சத்தம் போடாமல் எந்த விகிதமும் குறைந்ததில்லை.

பழைய பில் கலெக்டர் எழுதியது:

சத்தம் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடம் போடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சென்னை தவிர்த்த நகரங்களில் 2008-க்குப் பிறகு வரி மாறாமல் இருந்தது. 2018-இல் உயர்த்தி, 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். 2016 முதல் 2022 பிப்ரவரி வரை மாமன்றமே, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களின் மன்றமே இல்லை. மத்திய மானியம் வேண்டுமானால் சொத்து வரி மாநிலப் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி உயர வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. பல ஆண்டுகள் உயர்த்தாமல் விட்டதையெல்லாம், உள்ளாட்சித் தேர்தல் முடிந்த சில வாரங்களில் ஒரே மூச்சில் நம் தலையில் வைத்தார்கள். நோட்டீஸில் உள்ள அந்த 6 சதவீதமும் மாநில விதியில் இருந்து வருவதுதான். மேயரிடம் போய் அதைக் குறைக்கச் சொன்னால், அவர் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனால் பேவர் பிளாக் வேலை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. அந்த வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவைப் பதிவேடு) மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம் செலுத்திக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர்த்த கல்லையே திரும்பப் பதித்துவிட்டுப் புதுக்கல் என்று எழுதியிருக்கிறார்களா என்பது எம் புக்கில் தெரிந்துவிடும். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த பழைய வித்தை அது.

வாடகை வீட்டுக்காரி எழுதியது:

வீட்டுக்காரர்கள் மட்டுமே பேசுகிறீர்கள் என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அரையாண்டுக்கு 600 ரூபாய் வரி கூடியது. அதைக் காட்டி அவர் கூட்டிய வாடகை மாதம் 500 ரூபாய். உங்கள் மனுவில் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடுவதற்கு முன்பு அந்தக் கணக்கையும் பாருங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. அங்கே வாடகைதாரரும் வாக்காளர்தான். எங்கள் வார்டில் வேலை நாளில் பகல் 11 மணிக்கு வைத்தார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் யார் போக முடியும்? ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி உங்கள் மனுவில் ஒரு கோரிக்கை சேர்த்தால் நானும் கையெழுத்திடுகிறேன்.

நொய்யல் கரைக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சகோதரி சொன்ன வாடகைக் கணக்கைப் படித்தபோது கொஞ்சம் சுட்டது. எங்கள் மாடிப் போர்ஷனுக்கும் 300 ரூபாய் கூட்டியிருக்கிறோம். அளவுக்கான ஆட்சேபணையை நான் தனியாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். எம் புக் நகலுக்கான விண்ணப்பம் வீதிக்காரர் ஐந்து பேர் பெயரில் தனித்தனியாகப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பொது மனுவின் முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம். தறிக்காரர் அண்ணா வருத்தப்பட வேண்டாம், விகிதத்தைக் குறைக்க அரசுக்குத் தீர்மானம் அனுப்பக் கோருவது இரண்டாவது. வியாழக்கிழமை மறுபடி அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கொட்டகையில் கிடக்கும் விறகை அப்புறப்படுத்த வேண்டும். போன முறை டேப்பை விறகுக்கு வெளியே பிடித்துத்தான் அளந்தார்கள் என்று என் மனைவி இப்போதுதான் சொல்கிறாள்.