சலியா ஓணானைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

வட்டக்கானல்வாசி

கொடைக்கானலில் வட்டக்கானல் தாண்டி, சோலை ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை. போனவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து மூடுபனி, பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் வெயில் விழுந்தது. போனில் பேச நின்றேன். முகத்துக்கு நேரே குறிஞ்சிப் புதரின் தண்டில் ஒரு ஓணான் ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை, குறுக்கே பழுப்புப் பட்டை, பிடரியில் கூரான செதில்கள் வரிசையாக. நம் வீட்டு வேலி ஓணான் என்றால் இதற்குள் நாலு வேலி தாண்டியிருக்கும். இது ஓடவே இல்லை. நான் இடப்பக்கம் நகர்ந்தால் தண்டைச் சுற்றி மெதுவாக அந்தப் பக்கம் போகும். வலப்பக்கம் வந்தால் இந்தப் பக்கம். தண்டுக்கு வெளியே எப்போதும் ஒரு கண் மட்டும் தெரியும், அது என்னையே பார்க்கும். போனில் இருந்தவர் கத்திக் கத்தி வைத்துவிட்டார்.

படத்தைப் பிராணிகளுக்குப் பெயர் சொல்லும் ஆப்பில் ஏற்றினேன், சலியா ஹார்ஸ்ஃபீல்டி என்றது. விலங்கியல் படிக்கும் அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, அது நீலகிரியில இருக்கிறது, இது வேற" என்கிறான். யார் சொல்வது சரி?

அவலாஞ்சி

உங்கள் அக்கா மகன் சொல்வதுதான் சரி. சலியா பேரினத்தில் இன்றைக்கு இருப்பவை இரண்டே இனங்கள். ஹார்ஸ்ஃபீல்டி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, எங்கள் நீலகிரியில். அனமல்லயானா தெற்கே, ஆனைமலை, பழனி மலை, மூணாறு பக்கம். நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வெக்கையான தாழ்நிலம். குளிர்மலையில் மட்டும் வாழும் பிராணி அதைத் தாண்டி வராது. படமே தேவையில்லை, கொடைக்கானல் என்றால் அனமல்லயானா.

என் கதை வேறு மாதிரி. கேத்தி பக்கம் ரோட்டோரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட மஞ்சள் பூ முட்புதர் இருக்கும். ஹார்ஸ்ஃபீல்டிக்கு அது ரொம்பப் பிடிக்கும், முள்ளுக்குள் புகுந்துகொண்டால் பூனைகூட நெருங்காது. அங்கே கீச்சான் குருவி ஒன்று ஆண் சலியாவைப் பிடித்து, அதே முள்ளில் கழுத்தோடு குத்தித் தொங்கவிட்டிருந்தது. நான் போனபோது உயிர் இருந்தது. வாய் திறந்து மூடியது. விலாப்பக்கத்துப் பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டுத் திட்டாகக் கறுத்தது. குருவி மேலே கம்பியில் உட்கார்ந்து நான் போகட்டும் என்று காத்திருந்தது. எடுத்து விட்டிருக்கலாமா என்று அடிக்கடி தோன்றும். எடுத்திருந்தாலும் பிழைத்திருக்காது, தெரியும். இருந்தாலும் தோன்றும்.

செதிலெண்ணி

அவலாஞ்சி, "படமே தேவையில்லை" என்று சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். மலையை வைத்துப் பெயர் சொல்வது ஊகம்தான், அதற்கு அடையாளம் காண்பது என்று பேர் வைக்க முடியாது. உங்கள் ஊகம் இங்கே சரியாகவே இருக்கலாம். ஆனால் எல்லோரும் இப்படியே பெயர் எழுதிக்கொண்டு போனால், நாளைக்கு எதிர்பாராத மலையில் ஒன்று கிடைத்தாலும் நமக்குத் தெரியாமலே போகும்.

தோற்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே பேரினம்தான் சாட்சி. ஹார்ஸ்ஃபீல்டியை 1845-இல் கிரே என்ற விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைத்து விவரித்தார். அனமல்லயானாவை 1878-இல் பெடோம் விவரித்தபோது சலியாவில் சேர்க்கவில்லை, லோஃபோசலியா என்று தனிப் பேரினமே வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சலியாவுக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் பர்மா–சீன எல்லை மலைகளில் கிடைத்த காகியெனென்சிஸ் என்ற ஒன்றையும் இதே வீட்டில் குடிவைத்தார்கள். எங்கே பர்மா எல்லை, எங்கே ஊட்டி! 2010-இல் மஹோனி என்ற ஆய்வாளர் அதைச் சூடோகேலோட்டிஸ் பேரினத்துக்கு மாற்றினார். அதற்குப் பிறகுதான் சலியா முழுக்க முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது என்று சொல்ல முடிந்தது.

என் அனுபவம் உயிருள்ளதோடு இல்லை, பாட்டிலோடு. நான் படித்த கல்லூரி அருங்காட்சியகத்தில் மேல் அலமாரியில் ஒரு ஜாடி. லேபிளில் கேலோட்டிஸ் வெர்சிகலர் (நம் வேலி ஓணான்தான்), குன்னூர் என்று மை மங்கிப்போய். பச்சை எல்லாம் போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. வெளிச்சத்தில் ஜாடியைத் திருப்பினேன். வெர்சிகலர் என்றால் காதுக்கு மேலே இரண்டு சின்ன முள் கொத்து தனித்தனியாக இருக்க வேண்டும். முதுகுச் செதில் எல்லாம் பின்னோக்கி மேலே பார்க்க வேண்டும், ஒரே சீராக. இதில் கொத்தும் இல்லை, சீரும் இல்லை. பிடரியில் ஈட்டி மாதிரிச் செதில்கள். பொறுப்பாளரிடம் சொன்னேன். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல அப்படித்தான் ஏறியிருக்கு, லேபிளை மாத்தினா ஆடிட்ல கேப்பாங்க" என்றார். இன்னமும் அது அங்கே வெர்சிகலராகத்தான் மிதக்கிறது.

மாஞ்சோலை மகள்

சலியா இல்லை, ஆனால் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் மாஞ்சோலைக்காரர்கள், இப்போது கீழே வந்துவிட்டோம். சின்ன வயதில் காக்காச்சி ரோட்டில் காற்றுக்குப் பெரிய கிளை முறிந்து விழுந்து அப்பாவும் மற்றவர்களும் வெட்டி ஒதுக்கினார்கள். கிளையோடு ஒரு ஓணான் வந்திருந்தது. உடம்பு என்ன நிறம் என்று கேட்டால் இப்போது சொல்ல முடியாது. உதடு மட்டும் ஆரஞ்சு, எங்கள் ஆச்சி வெற்றிலை போட்ட வாய் போல. அப்பா கத்தி நுனியால் இலையைத் தள்ளி அதைப் பக்கத்து மரத்தில் ஏற்றிவிட்டார். அண்ணாந்து பார்த்தேன், போய்க்கொண்டே இருந்தது.

ஓணான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. கல்லூரியில்தான் தெரிந்தது, 2008-இல் களக்காடு–முண்டந்துறை காட்டிலிருந்து ஆரஞ்சு உதட்டோடு ஒன்றைக் கேலோட்டிஸ் ஆரண்டோலேபியம் என்று விவரித்திருக்கிறார்கள். உச்சிக் கிளையில் வாழ்வதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லையாம். சரி, பெயர் கிடைத்துவிட்டது என்று நோட்டில் எழுதி வைத்தேன். 2018-இல் அதையும் மாற்றி மைக்ரோஆரிஸ் ஆரண்டோலேபியம் ஆக்கிவிட்டார்கள்.

தேயிலைத்தூள்

இதைத்தான் நானும் சொல்கிறேன். ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேறு வேலையே இல்லையா? பிராணி அப்படியேதான் இருக்கிறது, பெயர் மட்டும் ரேஷன் கார்டு திருத்தம் போல மாறிக்கொண்டே இருக்கிறது. வால்பாறை அக்காமலை புல்மலை ஓரத்தில் சலியாவை நானும் பார்த்திருக்கிறேன், ஈரப் பாசி மேல் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அழகு. பெயர் எதற்கு?

செதிலெண்ணி

தேயிலைத்தூள் அண்ணே, பெயர் இல்லாத பிராணிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. எந்தப் பட்டியலிலும் ஏறாது, அதன் காட்டை வெட்டினாலும் கேட்க ஆள் இல்லை. 2018 மாற்றம் யாரோ பொழுதுபோகாமல் செய்ததும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேலோட்டிஸ்களை மரபணுவோடும் உடலமைப்போடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பகுதி உண்மையான கேலோட்டிஸ் கூட்டத்தோடு சேரவே இல்லை. அதனால் மோனிலேசாரஸ், மைக்ரோஆரிஸ் என்று இரண்டு பேரினங்கள் புதிதாக வந்தன, அதோடு இரண்டு புதிய இனங்களும். முன்பு கேலோட்டிஸாக இருந்த ரூக்ஸி, எலியாட்டி என்ற காட்டு ஓணான்கள் எல்லாம் இப்போது மோனிலேசாரஸ்தான். உங்கள் வீட்டு வேலி வெர்சிகலரையே 2021-இல் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், தென்னிந்தியாவில் இருப்பது வெர்சிகலராகவே நீடிக்கிறது.

லென்ஸ் மாமா

நான் பார்த்தது ஒரே தடவை, பாம்பாடும் சோலையில், பைக்கில் போகும்போது, இரண்டு விநாடி. அதை விடுங்கள். இந்த இழையில் யாரும் படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவில்லையே, அதனால் சொல்கிறேன்.

முதலில், பிடிக்காதீர்கள். காட்டுப் பிராணியைக் கையில் பிடித்தால் கேஸ் ஆகலாம். முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். முகம் அழகாக இருக்கும், ஆனால் இனம் சொல்லாது. பக்கவாட்டில் முழு உடம்பு வேண்டும். பிடரிக் கொண்டை எங்கே முடிகிறது, முதுகுக் கொண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிய வேண்டும். அப்புறம் கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடம். முன்னங்காலுக்கு முன்னால் தோள் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரூக்ஸிக்கு உண்டு, வெர்சிகலருக்குக் கிடையாது. முதுகுச் செதில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு க்ளோசப். ஃபிளாஷ் வேண்டாம், செதில் விளிம்பெல்லாம் வெளிறிவிடும். நிறத்தை நம்பவே நம்பாதீர்கள், வெயிலுக்கும் பயத்துக்கும் ஒரே ஓணான் இரண்டு நிறம் காட்டும். போனில் இடக்குறியை அணைத்துவிட்டுப் பதிவிடுங்கள். கொண்டையோடு கூடிய மலை ஓணான் என்றால் வாங்குவதற்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறார்கள். இலங்கை மலை ஓணான்கள் பலவற்றை 2019-இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததே அதனால்தான். ஆனால் உயரத்தை மட்டும் குறித்து வையுங்கள், ஆய்வாளர்களுக்கு உதவும். முக்காலி கொண்டுபோனால்...

அவலாஞ்சி

மாமா, முக்காலி வேண்டாம். அது வருவதற்குள் ஓணான் ரிட்டயர் ஆகிவிடும்.

செதிலெண்ணி, ஊகம் என்றாலும் அடித்தளம் உள்ள ஊகம். கணவாய்க்குத் தெற்கே ஹார்ஸ்ஃபீல்டி என்று படத்தோடு ஒன்றைக் காட்டுங்கள், அன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

வட்டக்கானல்வாசி

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது மூன்று படம். இரண்டில் தண்டும் ஒரு கண்ணும்தான். மூன்றாவதில் பிடரியும் முதுகில் பாதியும் தெரிகிறது, தோள் இலைக்குப் பின்னால் போய்விட்டது. தேறுமா?

செதிலெண்ணி

ஏற்றுங்கள் அண்ணே. சுருக்காமல் ஒரிஜினல் ஃபைலாக. வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேண்டாம்.