இருபது வருடமாக இன்டெல்தான், இந்த முறை மாறலாமா?

மதுரைவாசி:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். 2004-இல் அப்பா வாங்கித் தந்த பென்டியம் 4-இல் தொடங்கி இன்றுவரை வேறு கம்பெனி ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் இப்போது விசாரித்த மூன்று கடையிலும் முதலில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ரைசனைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். 2024-இல் 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் கிராஷ் ஆன பிரச்சினை, அதே வருடம் நவம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெல்லை எடுத்துவிட்டு என்விடியாவைச் சேர்த்தது, 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டது என்று ஒவ்வொன்றாகப் படிக்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்னைப் போல விசுவாசமாக விடாமல் வாங்குகிறவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒரு கம்பெனி சரியுமா? இந்த முறையும் இன்டெல்லே வாங்கலாமா?

ரிச்சிதெரு_98:
தம்பி, நான் 1998-லிருந்து சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், நீங்கள் விசுவாசம் என்று சொல்வதில் பாதி எங்களுடையது. கடையில் நாங்கள் எதைக் கை காட்டினோமோ அதைத்தான் பெரும்பாலானவர்கள் வாங்கினார்கள். இன்டெல்லுக்கும் அது தெரியும். 1991-இல் தொடங்கிய 'இன்டெல் இன்சைட்' திட்டத்தில், அந்தச் சின்னத்தைப் போட்ட கம்ப்யூட்டர் கம்பெனிகளின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வாய் ஏன் ஏஎம்டி பக்கம் மாறியது என்றால், ப்ராசஸர் உட்காரும் மதர்போர்டுதான். போன மாதம் ஒருவர் 2017-இல் வாங்கிய ஏஎம்டிக்கான பி350 போர்டோடு வந்தார். பயாஸை (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, கூலரை லேசாகத் திருகித் திருகி எடுத்தேன் (இதில் நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் கையோடு வந்துவிடும், அதன் அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும்), பழைய ரைசன் 1600-ஐக் கழற்றி அதே குழியில் (சாக்கெட்டில்) 5600-ஐ வைத்தேன், ஓடியது. ராம்கூட மாற்றவில்லை. இன்டெல்லில் அதே காலத்துக்குள் 1151, 1200, 1700, 1851 என்று சாக்கெட் மாறிக்கொண்டே வந்தது. இதில் 1151-லேயே ஏழாம் தலைமுறைக்கு வாங்கிய போர்டில் எட்டாம் தலைமுறை ஓடாது, இரண்டுக்கும் அதே 1151 பின்தான். இதை வாடிக்கையாளரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

சர்வர்_அறை:
ஆபீஸ் பக்கம் நடப்பது விசுவாசமே இல்லை, அது கட்டு. ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கம்ப்யூட்டர்) நிறுத்தாமல் இன்னொரு சர்வருக்கு மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி சிப் இருக்க வேண்டும், இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு அப்படி மாற்ற முடியாது. அதனால் 2017-இல் ஏஎம்டியின் சர்வர் சிப்பான எபிக் வந்த பிறகும் நாங்கள் பழைய கிளஸ்டருக்கு (சர்வர் கூட்டத்துக்கு) இன்டெல்லே வாங்கிச் சேர்த்தோம். மனம் அப்போதே மாறிவிட்டது, பர்ச்சேஸ் ஆர்டர் மாற வருடங்கள் ஆயின. இதுதான் ஆபத்து என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆட்கள் போக முடிவெடுத்த பிறகும் விற்பனைக் கணக்கு நன்றாகவே இருக்கும். இன்டெல் டெஸ்க்டாப் சிப்களைப் பழைய 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலேயே 2021 வரை ஓட்டினார்கள், சாதாரண ஐ7-இல் 2017 வரை நான்கே கோர். காசு வந்துகொண்டிருந்ததால் அவசரம் யாருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் மேக். 2006-லிருந்து இன்டெல், 2020-இல் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்ததும் படிப்படியாக விட்டுவிட்டார்கள். மேக் வைத்திருந்தவர்கள் யாராவது இன்டெல் வேண்டும் என்று நின்றார்களா? அவர்களுக்கு மேக்தான் முக்கியம்.

பழைய_மதர்போர்டு:
எல்லாரும் சேர்ந்து இன்டெல்லுக்குக் காரியம் செய்துவிடாதீர்கள். 1994-இல் பென்டியம் வகுத்தல் கணக்கில் தப்பு செய்தது, முதலில் சாக்குச் சொன்னார்கள், பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தந்து 47.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். 2003-இல் ஏஎம்டியின் அத்லான் 64 வந்தபோதும் பின்தங்கினார்கள், 2006-இல் இன்டெல்லின் கோர் 2 வந்ததும் நிலைமை தலைகீழ். 2015-இல் ஏஎம்டி பங்கு இரண்டு டாலருக்குக் கீழே கிடந்தது, அந்தக் கம்பெனிதான் இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது. நல்ல சிப் வந்தால் ரிச்சி தெரு அண்ணனே மறுபடி இன்டெல்லை எடுத்துக் காட்டுவார்.

13, 14-ஆம் தலைமுறை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புது மைக்ரோகோட் (சிப்பின் கோளாறைச் சரிசெய்யும் திருத்தம்) உள்ள பயாஸை உடனே போடுங்கள். வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டியிருக்கிறார்கள், பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

மதுரைவாசி:
நன்றி. போர்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு ஐந்தாறு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்ற முடிந்தால் போதும், கேம் எல்லாம் இல்லை, பையனின் படிப்பும் என் வீடியோ எடிட்டிங்கும்தான். அப்படியென்றால் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் பி650 போர்டு போதுமா அண்ணா?

ரிச்சிதெரு_98:
தாராளமாகப் போதும். ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (ப்ராசஸர் இல்லாமலே பயாஸை அப்டேட் செய்ய) உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள், பின்னால் ப்ராசஸர் மாற்றும்போது உதவும்.